கோர்ஸ் நல்லதா கெட்டதான்னு அப்புறம் பார்ப்போம், முதல்ல கடன் கணக்கைப் போடுவோம்

(கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கிழக்குத் தாம்பரத்தில், மேற்படிப்பு பற்றி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நம் தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய கூட்டத்தில் நம் அணித் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் டிகிரி முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று நிற்கும் பிள்ளை இருந்தால் முழுவதும் படியுங்கள்.)



நான் மேடைப் பேச்சாளர் இல்ல. நம்ம பேஜ்ல வர்ற வீடியோவை எடிட் பண்றவன், போஸ்டர் போடுறவன். அதனாலதான் என்கிட்ட ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, மீடியா கோர்ஸ் ஒண்ணு சேரலாம்னு இருக்கேன். டிஜிட்டல் மீடியா, கம்யூனிகேஷன், வீடியோ எடிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு வருஷ சர்டிபிகேட். ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம் கேக்குறாங்க. லோன் அவங்களே ஏற்பாடு பண்ணித் தர்றாங்களாம். சேரலாமா?"

இந்தக் கேள்விக்கு ஒத்தை வார்த்தையில பதில் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா எப்படிக் கணக்குப் போடணும்னு சொல்ல முடியும். ஏன்னா அந்தக் கணக்கைப் போடாம மாட்டினவன் நான்.

முதல்ல என் கதை. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வருஷத்துக்கு 75,000 வீதம் நாலு வருஷத்துக்கு 3 லட்சம் கல்விக்கடன். வட்டி 11 சதவீதம். கையெழுத்துப் போடும்போது அப்பாவும் நானும் பார்த்தது அந்த 3 லட்சத்தை மட்டும்தான். படிக்கிற காலத்துலயும், அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம்னு சொன்னாங்க. நாங்க அதை "வட்டியே கிடையாது"ன்னு புரிஞ்சுக்கிட்டோம். தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாள்ல இருந்தே ஓடிக்கிட்டு இருந்தது. கட்ட ஆரம்பிச்ச அன்னைக்கு பாக்கி 4 லட்சத்து 15 ஆயிரம். ஏழு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 7,100 சொச்சம். ஒரகடம் பக்கம் கிடைச்ச என் முதல் வேலையில கைக்கு வந்தது 14,000. பாதிச் சம்பளம், வந்த அன்னைக்கே போயிடும்.

இதுல யாரையும் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. விதியெல்லாம் பேப்பர்ல எழுதித்தான் இருந்தது. நாங்கதான் கணக்குப் போடல. எங்க வீட்ல டிகிரிக்குப் போன முதல் ஆள் நான். கணக்குப் போட்டுச் சொல்ல வேற ஆள் இல்ல. இந்த ஏரியாவுல பல வீடுகள்ல நிலைமை அதுதான். அதனாலதான் இன்னைக்கு நான் இங்க நிக்கிறேன்.

இப்போ அந்த மீடியா கோர்ஸுக்கு வருவோம்.

செம்பாக்கம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வந்தாங்க. பி.காம் முடிச்சவங்க. அப்பா ஆட்டோ ஓட்டுறார். கையில பளபளன்னு ஒரு பிரவுஷர். 11 மாச சர்டிபிகேட், கட்டணம் 1,80,000 ரூபாய். "100 சதவீத பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பக்கத்துலயே, "நோ காஸ்ட் இ.எம்.ஐ. மாசம் 10,000 மட்டுமே, 18 மாதம்". அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வரி. மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில கட்டினா 1,50,000 போதுமாம்.

நான் அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டேன். "ரொக்கமாக் கட்டினா ஒன்றரை லட்சம். தவணையில கட்டினா ஒரு லட்சத்து எண்பதாயிரம். அப்போ அந்த முப்பதாயிரம் என்னம்மா?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "வட்டியாண்ணா?"

வட்டியேதான். ஒன்றரை லட்சம் வாங்கி, மாசம் 10,000 வீதம் 18 மாசம் திருப்பிக் கட்டினா, வட்டி மாசத்துக்கு 2 சதவீதம். அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். நம்ம ஊர் பாஷையில சொன்னா நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி. தெருமுனையில ஒருத்தர் ரெண்டு வட்டிக்குக் கடன் கொடுத்தா அம்மாவுக்கு உடனே உறைக்கும், "வேணாம்டா"ன்னு சொல்லுவாங்க. அதே வட்டி ஏ.சி. ரூம்ல "நோ காஸ்ட்"ங்கிற பேர்ல வந்தா நமக்கு உறைக்க மாட்டேங்குது. பூஜ்ய சதவீத வட்டிங்கிற ஒண்ணே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. எங்கயோ ஒரு இடத்துல அந்த வட்டி ஒளிஞ்சிருக்கும். தேடினா கிடைக்கும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஏன் அவங்க வங்கிக்குப் போகச் சொல்லாம, தெரிஞ்ச ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அனுப்புறாங்க? வங்கிகளோட மாதிரிக் கல்விக்கடன் திட்டம், பல்கலைக்கழக மானியக் குழு, அரசு மாதிரி அமைப்புகளோட அங்கீகாரம் இருக்கிற நிறுவனங்கள்ல படிக்கிற பட்டம், பட்டயப் படிப்புகளுக்குத்தான் பொதுவா பொருந்தும். அதுல 4 லட்சம் வரைக்கும் சொத்துப் பிணை கேக்கக் கூடாது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கிடையாது. அந்தக் காலத்துல போடுறதும் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. 15 வருஷம் வரைக்கும் திருப்பிக் கட்டலாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, தகுதியான நிறுவனத்துல தொழிற்படிப்பு படிச்சா, அந்தத் தவணை இல்லாத காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியமும் இருக்கு. 2024 நவம்பர்ல ஒப்புதல் கிடைச்ச பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துல, தரவரிசையில முன்னாடி இருக்கிற நிறுவனங்களுக்கு ஜாமீனே இல்லாமக் கடன், வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா 3 சதவீத வட்டிச் சலுகை.

மாடியில ரெண்டு ரூம் வாடகைக்கு எடுத்து நடத்துற ஒரு சர்டிபிகேட் கோர்ஸ், இந்தத் திட்டம் எதுக்குள்ளயும் பெரும்பாலும் வராது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு உட்பட்ட பயிற்சியா இருந்தா திறன் கடன் திட்டம்னு ஒண்ணு இருக்கு. 2015-ல வந்தப்போ 1.5 லட்சம் வரைக்கும் கொடுத்தாங்க, 2024-ல 7.5 லட்சமா உயர்த்திட்டாங்க. ஆக, ஒரு நிறுவனம் உங்களை நேரா ஃபைனான்ஸ் கம்பெனி மேஜைக்கு அனுப்புதுன்னா, "இந்த கோர்ஸுக்கு வங்கி ஏன் கடன் கொடுக்காது?"ன்னு கேளுங்க. வர்ற பதிலை வச்சே பாதி முடிவு எடுத்துடலாம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு, அதுதான் ரொம்ப முக்கியம். வங்கிக் கல்விக்கடன்ல வேலை கிடைக்க உங்களுக்கு அவகாசம் இருக்கு. இந்த 18 மாசத் தவணையில சேர்ந்த அடுத்த மாசமே 10,000 எடுத்து வைக்கணும். கோர்ஸ் 11 மாசம். அப்போ சம்பளம்னு ஒரு ரூபா வர்றதுக்கு முன்னாடியே 1,10,000 கட்டி முடிச்சிருக்கணும். அதை யார் கட்டுறது? ஆட்டோ ஓட்டுற அப்பா. அவங்க வீட்ல போட்ட திட்டம் என்ன தெரியுமா? ஆட்டோவோட ஆர்.சி. புக்கை வச்சு ஒரு கடன், அம்மாவோட நகையை வச்சு ஒரு கடன். ஒரு கடனை அடைக்க ரெண்டு கடன். நகையை அடகு வச்சா அது கடன் இல்லன்னு நம்ம வீடுகள்ல ஒரு நினைப்பு இருக்கு. அதுவும் கடன்தான், மீட்கிற வரைக்கும் வட்டி ஓடும்.

சரி, இப்போ சம்பளப் பக்கம் வருவோம்.

"முடிச்சா என்ன சம்பளம் வரும்?"னு கேட்டா, கவுன்சலர் உச்சத்துல இருக்கிற ஒருத்தரோட சம்பளத்தைச் சொல்லுவார். அது உங்க சம்பளம் இல்ல. நான் அந்தத் தங்கச்சிகிட்ட ஒரே ஒரு வேலை கொடுத்தேன். "போன பேட்ச்ல முடிச்சவங்க நம்பர் நாலு கேட்டு வாங்கிட்டு வாம்மா." வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேர்தான் போன் எடுத்தாங்க. ஒருத்தர் ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகத்துல ஃபேஸ்புக், இன்ஸ்டா பேஜ் பார்த்துக்கிறார், கைக்கு 16,000. இன்னொருத்தர் கால் சென்டர்ல இருக்கார். அந்த வேலைக்கு இந்த சர்டிபிகேட்டே தேவையில்ல. ஆனா ரெண்டு பேருமே அந்த நிறுவனத்தோட "பிளேஸ்மென்ட்" பட்டியல்ல இருக்காங்க.

16,000-னே வச்சுக்குவோம். தவணை 10,000. சம்பளத்துல 62.5 சதவீதம். மிச்சம் 6,000. கிண்டிக்கோ ஈக்காட்டுத்தாங்கலுக்கோ வடபழனிக்கோ தினம் போய் வரணும், மதியம் சாப்பிடணும், போன் ரீசார்ஜ் பண்ணணும், வீட்டுக்கும் ஏதாவது கொடுக்கணும். எப்படி முடியும்?

அப்போ எவ்வளவு தவணை இருந்தா தாங்கும்? இதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. அமெரிக்காவுல, சர்டிபிகேட் படிப்புகளுக்கும் லாப நோக்கத்துல நடக்கிற கல்லூரிகளுக்கும் ஒரு விதி கொண்டுவந்தாங்க. அந்தப் படிப்பை முடிச்சவங்களோட கடன் தவணையை அவங்க வருமானத்தோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. அதுல இருக்கிற ரெண்டு அளவுகோல்ல ஒண்ணு, தவணை மொத்த வருமானத்துல 8 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறது. 2014-ல அந்த விதியைக் கொண்டுவந்தாங்க, ஆட்சி மாறினப்புறம் 2019-ல எடுத்துட்டாங்க, 2023-ல திரும்பக் கொண்டுவந்தாங்க. அங்கயும் இது அரசியல் சண்டைதான். ஆனா அந்த 8 சதவீதம் நமக்கு உதவுற அளவுகோல்.

கைக்கு 18,000 சம்பளம்னா 8 சதவீதம் 1,440 ரூபாய். 11 சதவீத வட்டியில அஞ்சு வருஷம் கட்டுறதா இருந்தா, 1,440 ரூபா தவணைக்கு ஏறக்குறைய 66,000 ரூபாய்தான் கடன் வாங்க முடியும். சுருக்கமா மனசுல வச்சுக்க ஒரு வாய்ப்பாடு சொல்றேன். எதிர்பார்க்கிற முதல் மாசச் சம்பளத்துல மூன்றரை மடங்கு. அதுக்கு மேல ஒரு சர்டிபிகேட்டுக்காகக் கடன் வாங்காதீங்க. 16,000 வரும்னா 56,000. 20,000 வரும்னா 70,000. அவ்வளவுதான்.

"அண்ணா, 15 வருஷம் கட்டினா தவணை குறையுமே?" குறையும். ஆனா 11 சதவீதத்துல 1 லட்சம் வாங்கி 15 வருஷம் கட்டினா மொத்தம் 2,04,000-க்கு மேல கட்டியிருப்பீங்க. வாங்கினது ஒண்ணு, கொடுத்தது ரெண்டு. 11 மாசம் படிச்ச படிப்புக்கு 15 வருஷம் கடன் கட்டணுமான்னு யோசிங்க.

வங்கிக் கடனா இருந்தாலும் இதே கணக்குத்தான். ஒரு வருஷப் படிப்புக்கு 2 லட்சம் வாங்குறீங்க. படிப்பு ஒரு வருஷம், அவகாசம் ஒரு வருஷம். ரெண்டு வருஷத் தனிவட்டி 44,000. கட்ட ஆரம்பிக்கும்போது 2,44,000. அஞ்சு வருஷத்துக்கு மாசம் 5,300 ரூபாய். மொத்தமாக் கட்டுறது 3 லட்சத்து 18 ஆயிரம். பிரவுஷர்ல இருக்கிறது 2 லட்சம், உங்க வாழ்க்கையில இருந்து போறது 3,18,000. படிக்கும்போதே மாசாமாசம் வட்டியை மட்டுமாவது கட்டிட்டா அந்த 44,000 அசலோட சேராது. பல வங்கிகள் வட்டியில சின்ன தள்ளுபடியும் தருவாங்க. முடிஞ்சா அதைச் செய்யுங்க.

இன்னும் ஒரு செலவு இருக்கு, எந்தப் பிரவுஷர்லயும் அது இருக்காது. பி.காம் முடிச்ச அந்தத் தங்கச்சி இப்பவே ஒரு அலுவலகத்துல 14,000 சம்பளத்துக்குச் சேரலாம். முழுநேர கோர்ஸுக்குப் போனா அந்த 11 மாசச் சம்பளம் போச்சு. 1,54,000 ரூபாய். கட்டணம் 1,80,000-த்தோட சேர்த்தா அந்த கோர்ஸோட உண்மையான விலை 3,34,000. அந்த சர்டிபிகேட்டால மாசம் 4,000 ரூபா கூடுதலாக் கிடைக்கும்னே வச்சுக்கிட்டாலும், போட்ட காசு திரும்பி வர 83 மாசத்துக்கு மேல ஆகும். ஏழு வருஷம். மாலை நேர வகுப்பா இருந்தா, வேலையை விடாம, இதே கணக்கு 45 மாசத்துல முடியும். ஒரே கோர்ஸ்தான், எந்த நேரத்துல படிக்கிறோம்ங்கிறதுல மூணு வருஷம் மிச்சமாகுது.

இதையெல்லாம் கேட்டுட்டு, "அப்போ மீடியாவுக்கே போக வேணாம்னு சொல்றியா?"ன்னு நீங்க கேக்கலாம்.

இல்ல தோழர்களே. அதுக்கு நேர் எதிரா சொல்றேன். நம்ம பிள்ளைங்க மீடியாவுக்குக் கண்டிப்பாப் போகணும். 2015 டிசம்பர் நினைவிருக்கா? முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம்னு அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தது. முதல் மாடியில நின்னுக்கிட்டு ஜனங்க கை காட்டினாங்க. அந்தத் தெருவுல வளர்ந்த ஒரு செய்தியாளர் இருந்தா, எந்த ஏரியோட கலங்கல் எங்க அடைபட்டிருக்கு, எந்தக் கால்வாய் எங்க குறுகிப்போச்சுன்னு மழைக்கு முன்னாடியே எழுதியிருப்பார். செய்தி அறைக்குள்ள யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்க தெருதான் செய்தியாகும். முதல் ரெண்டு மூணு வருஷம் குறைஞ்ச சம்பளத்தைத் தாங்குற வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க மட்டும் அங்க போனா, நம்ம தெரு வெள்ளம் வந்தா மட்டும்தான் டி.வி.யில தெரியும்.

கடன் இந்த இடத்துலதான் ஆளைக் கவுக்குது. ஒரு நல்ல இடத்துல 15,000 சம்பளத்துல வேலை கத்துக்க வாய்ப்பு வரும். 10,000 தவணை கழுத்தை நெரிக்கிற பிள்ளையால அதை எடுக்க முடியாது. 19,000 தர்ற கால் சென்டருக்குப் போயிடும். மீடியாவுக்குப் போகணும்னு வாங்கின கடனே மீடியாவை விட்டு வெளியே தள்ளிடும். அந்தப் போன் எடுத்தாரே ஒருத்தர், அவருக்கு அதுதான் நடந்திருக்கு.

அதனால குறைஞ்ச கடன்ல, முடிஞ்சா கடனே இல்லாம, எப்படி உள்ள போறதுன்னு பாருங்க.

நம்ம தாம்பரத்துலயே சென்னை கிறித்துவக் கல்லூரி இருக்கு. 1837-ல ஆரம்பிச்சு, 1937-ல தாம்பரத்துக்கு வந்த கல்லூரி. ஊடகம், இதழியல் சார்ந்த படிப்புகள் அங்க உண்டு. ரயில்ல ஏறினா சேப்பாக்கம், அங்க சென்னைப் பல்கலைக்கழகத்துல இதழியல் துறை. தரமணியில எம்.ஜி.ஆர். பெயர்ல இருக்கிற அரசு திரைப்படக் கல்லூரி. அதே தரமணியில, 2000-ல சென்னைக்கு வந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம். கட்டணம் பெருசுன்னு வாசல்லயே திரும்பிடாதீங்க, அங்க உதவித்தொகை உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேளுங்க. கோட்டூர்புரத்துல தமிழ்நாடு அரசு 2025-ல தொடங்கின சென்னை இதழியல் நிறுவனம் இருக்கு. வேலை பார்த்துக்கிட்டே படிக்கணும்னா இக்னோவுல அஞ்சல் வழி இதழியல் பட்டயம். இன்னும் டிகிரியே சேரலன்னா, அரசுப் பள்ளியில படிச்ச தங்கைகளுக்கு 2022-ல வந்த புதுமைப் பெண், தம்பிகளுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபாய். நான் முதல்வன் திட்டத்துல, ஸ்வயம் தளத்துல காசு இல்லாத பாடங்கள் இருக்கு.

வெறும் எடிட்டிங் கத்துக்கணும்னா நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்றேன். டாவின்சி ரிசால்வ்னு ஒரு மென்பொருள், இலவசப் பதிப்பு இருக்கு. நம்ம அணிக்காக ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கத்துக்கிட்டேன். முதல் ஆறு மாசம் நான் போட்ட வீடியோவுக்கு நம்ம தோழர்களே லைக் போடல, அது வேற விஷயம். ஆனா இன்னைக்கு ஒரு எடிட்டிங் வேலைக்குப் போனா என்கிட்ட யாரும் சர்டிபிகேட் கேக்குறதில்ல. "செஞ்ச வேலையைக் காட்டு"ன்னுதான் கேக்குறாங்க. அதனால எந்த கோர்ஸா இருந்தாலும் ஒண்ணு கேளுங்க. முடிக்கும்போது என் கையில நான் செஞ்ச வேலை எத்தனை இருக்கும்?

யூடியூப்ல சம்பாதிச்சுக் கடனை அடைச்சுடலாம்னு நினைக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வீடியோவுக்கு விளம்பரப் பங்கு வாங்கவே 1,000 சந்தாதாரர், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை வேணும், இல்லன்னா ஷார்ட்ஸ்ல 90 நாள்ல 1 கோடி பார்வை. அது வாசல் மட்டும்தான். தவணைத் தேதி அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.

சரி, எல்லாம் விசாரிச்சு, சேரலாம்னே முடிவு பண்ணிட்டீங்க. கையெழுத்துக்கு முன்னாடி இந்த ஆறு கேள்வியைப் போன்ல குறிச்சுக்குங்க.

1. ரொக்கமாக் கட்டினா எவ்வளவு, தவணையில மொத்தம் எவ்வளவு? வித்தியாசம்தான் வட்டி. செயல்முறைக் கட்டணத்தையும் அதோட சேர்த்துக்குங்க.

2. கடன் கொடுக்கிறவர்கிட்ட முக்கிய விவர அறிக்கை கேளுங்க. 2024 அக்டோபர் 1-ல இருந்து, தனிநபருக்குக் கொடுக்கிற எல்லாக் கடனுக்கும் அதைக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி விதி. வருஷ வட்டி எல்லாச் செலவும் சேர்த்து எத்தனை சதவீதம்னு அதுல இருக்கணும். ஆப் வழியா வாங்குற கடன்னா, அபராதம் இல்லாம வெளியே வர எத்தனை நாள் அவகாசம்னும் பாருங்க.

3. போன பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேர் இதே துறையில இருக்காங்க? குறைஞ்சது நாலு பேர் நம்பர் கொடுங்க.

4. "அசிஸ்டன்ஸ்"னா என்ன? உதவி வேற, உத்தரவாதம் வேற. "100 சதவீத உதவி"ன்னா நூறு பேருக்கும் வேலைன்னு அர்த்தம் இல்ல.

5. நடுவுல நின்னா பணம் திரும்ப வருமா? பல்கலைக்கழக மானியக் குழுவுக்குக் கீழ வர்ற கல்லூரிகளுக்குத் திருப்பித் தர விதி இருக்கு, 2018 அக்டோபர் அறிவிப்பு. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகினா கட்டணம் முழுசும் திரும்பணும், அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழையும் வச்சுக்கிட்டு தரமாட்டேன்னு சொல்லக் கூடாது. தனியார் சர்டிபிகேட் நிறுவனத்துல இந்த விதி இல்ல, அவங்க போட்ட ஒப்பந்தம்தான் பேசும். அதைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. நீங்க படிப்பை நிறுத்தினாலும் கடன் நிக்காது.

6. கடன்ல கூட யார் கையெழுத்துப் போடுறாங்க? அப்பாவா? தவணை தவறினா அப்பாவோட சிபில் மதிப்பெண்ணும் விழும். நாளைக்கு அவர் புது ஆட்டோவுக்குக் கடன் கேட்டாக் கிடைக்காது.

கல்லூரிக்குன்னா ஒரு வழி இருக்கு. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-ல கலந்துக்கிற கல்லூரிகள், அதுக்குக் கொடுத்த தகவலைத் தங்களோட இணையதளத்துல போடுறாங்க. அதுல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது, நடுமட்டச் சம்பளம் எவ்வளவுன்னு இருக்கும். கவுன்சலர் சொல்றதை விட்டுட்டு அந்தத் தாளைத் திறந்து பாருங்க.

விளம்பரத்துல பொய் சொல்லி ஏமாத்தியிருந்தா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்க பக்கம் இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிரவுஷர், வாட்ஸ்அப் மெசேஜ், ரசீது எதையும் அழிக்காதீங்க. ஏற்கெனவே கடன்ல இருக்கிறவங்களுக்கு: வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரங்க முன்னாடி அவமானப்படுத்தக் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி. மீறினா முதல்ல அந்த வங்கிக்கோ கம்பெனிக்கோ எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், எண் 14448.

2016-ல மதுரையில ஒரு பொறியியல் பட்டதாரித் தம்பி, கல்விக்கடன் வசூல் நெருக்கடியில உயிரை விட்டார். அந்தச் செய்தியைப் படிச்சப்போ நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். கடன் கட்ட ஆரம்பிச்சப்புறம்தான் அது எனக்கு முழுசாப் புரிஞ்சது. இங்க யாருக்காவது கடன் மூச்சு முட்டுற மாதிரி இருந்தா, தயவுசெஞ்சு வீட்ல சொல்லுங்க, எங்ககிட்ட சொல்லுங்க, 104-க்கோ 14416-க்கோ போன் பண்ணுங்க. தவணையைப் பேசி மாத்தலாம், காலத்தை நீட்டிக்கலாம். கடனுக்கு வழி உண்டு தோழர்களே, உசுருக்கு மாத்து கிடையாது.

கடைசியா ஒரு கோரிக்கை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டுல என்ன எடை, என்ன விலை, எந்தத் தேதின்னு அச்சடிக்கணும்னு சட்டம் இருக்கு. ரெண்டு லட்சம் ரூபாய்க்கு விக்கிற ஒரு சர்டிபிகேட்டுல அது மாதிரி ஒண்ணும் அச்சடிக்க வேண்டியதில்ல. எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, ஒரு வருஷம் கழிச்சு என்ன சம்பளம் வாங்குறாங்க. இந்த மூணு எண்ணை ஒவ்வொரு பயிற்சி நிறுவனமும் வாசல்ல எழுதிப் போடணும். இதை நாம கேக்கணும். யார் ஆட்சியில இருந்தாலும் கேக்கணும், நம்ம கட்சிக்காரங்ககிட்டயும் கேக்கணும்.

அந்தத் தங்கச்சி என்ன ஆனாங்கன்னு கேப்பீங்க. அந்த கோர்ஸ்ல சேரல. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்துல கணக்கு எழுதுற வேலை, 14,000 சம்பளம். சாயங்காலம் ஒரு சின்ன எடிட்டிங் வகுப்புக்குப் போறாங்க, கட்டணத்தை ரெண்டு மாசச் சம்பளத்துலயே கட்டிட்டாங்க. மீடியாவுக்குப் போவாங்களா? எனக்குத் தெரியாது. நான் தடுத்தது சரியான்னு சில நாள் ராத்திரி யோசிப்பேன். ஆனா ஆட்டோவோட ஆர்.சி. புக் அவங்க வீட்டு பீரோவுலதான் இருக்கு. நல்ல வாய்ப்பு ஒண்ணு நாளைக்கு வந்தா, சம்பளம் குறைவா இருந்தாலும் அவங்களால "சரி"ன்னு சொல்ல முடியும்.

பிரவுஷர் கையில இருக்கிறவங்க, கூட்டம் முடிஞ்சதும் அந்த மேஜைக்கு வாங்க. நாலு தோழர்கள் கால்குலேட்டரோட உட்கார்ந்திருக்காங்க. கட்சி அட்டை கேக்க மாட்டோம். கணக்கு மட்டும்தான் போடுவோம்.



(நேரில் வர முடியாதவர்கள் உங்கள் பிரவுஷரைப் படம் எடுத்து நம் பேஜ் இன்பாக்ஸில் அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறோம். பெயர், போன் நம்பர், ஆதார் எதுவும் வேண்டாம். +2, டிகிரி முடித்த பிள்ளைகள் இருக்கும் தெரு குரூப், ஃபிளாட் குரூப், உறவினர் குரூப் எல்லாவற்றிலும் பகிருங்கள்.)

#கல்விக்கடன் #கணக்குப்போட்டுக்கையெழுத்து #தாம்பரம்